கொம்பு வைத்து உறிஞ்சும் வைத்தியம்: அங்கத்தினர் அறிய வேண்டுவன

சென்ற ஆடி மாதத்தில் வாலாஜாபாத்தை அடுத்த ஒரு சிற்றூரில் நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டுக் கொண்டிருந்தோம். அங்கத்தினர் ஒருவர் தம் சேமிப்பிலிருந்து முன்பணம் கேட்டு விண்ணப்பம் கொண்டு வந்தார். மகள் திருமணம், தறி பழுது, பிள்ளைகளின் படிப்பு என்று காரணம் எழுதுவது வழக்கம். இவரோ, “கெட்ட இரத்தம் எடுக்கும் வைத்தியச் செலவு” என்று எழுதியிருந்தார்.

விவரம் கேட்டோம். ஊர் ஊராகச் சுற்றி வரும் ஒருவர் முதுகில் குவளைகளை வைத்து வலியைப் போக்குகிறாராம். இவருக்கு வெறும் குவளை மட்டும் வைத்தார். இவர் சட்டையைத் தூக்கிக் காட்டியபோது, குழிப்பணியாரம் வார்த்த சட்டியைப் போல் முதுகு முழுவதும் கருஞ்சிவப்பு வட்டங்கள் தெரிந்தன. “இரண்டு நாள் இடுப்பு இலேசாக இருந்தது ஐயா” என்றார். அவர் மனைவிக்கோ தோலைக் கீறி இரத்தமும் எடுக்கப்பட்டது. அந்த அம்மையார் தலைசுற்றிப் படுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. தார் சுற்ற ஆளின்றித் தறியும் நின்றிருந்தது. அப்படியிருந்தும், “இன்னும் நான்கு தடவை எடுத்தால் இரத்தம் சுத்தமாகிவிடும்” என்று சொல்லப்பட்டதால் பணம் கேட்க வந்திருந்தார்.

“நீங்கள் படித்தவர், இது நல்லதா, கெட்டதா?” என்று அவர் கேட்டபோது நம்மிடம் விடை இல்லை. அம்மையாரை அன்றே அரசினர் சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைத்தோம். பின்னர் மருத்துவம் கற்றோரைக் கேட்டும் நூல்களைப் பார்த்தும் அறிந்தவற்றை இங்கே பாடமாக எழுதுகிறோம்.

1. பழமையான முறை

இம்முறை நேற்று முளைத்ததன்று. சித்த மருத்துவம் கூறும் 32 வகைப் புற மருத்துவங்களுள் கொம்பு கட்டல், உறிஞ்சல், குருதி வாங்கல், அட்டை விடல் ஆகியவை இடம்பெறுகின்றன. வடமொழியில் அமைந்த சுசுருத சம்ஹிதை மாட்டுக் கொம்பு, சுரைக்குடுக்கை, அட்டை ஆகிய மூன்றையும் குருதி வாங்கும் கருவிகளாகக் கூறுகிறது. கிரேக்க வைத்தியரும் குவளை வைத்தனர். கி.பி. 1025 அளவில் இப்னு சீனா முடித்த மருத்துவப் பெருநூலிலும் இது விரிவாகப் பேசப்படுகிறது. யூனானி மருத்துவர் இதனை ஹிஜாமா என்பர். சீனத்தில் முன்பு கொம்பும் மூங்கிற் குழாயும் பயன்பட்டன. இப்போது கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் பயன்படுகின்றன. 2016 ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் போட்டியில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் தோளில் வட்டத் தழும்புகளோடு தோன்றியதிலிருந்து உலகெங்கும் இதன் பெயர் மீண்டும் பரவியது.

எனவே இது பொய்யர் சிலர் கட்டிவிட்ட கதை என்று தள்ளிவிடுதல் தகாது. ஆனால் பழமை ஒன்றே ஒரு முறைக்குச் சான்றாகிவிடாது. சங்கத்தின் கணக்கில் பழைய பாக்கி என்று ஒரு தொகை எழுதியிருந்தால், பழையது என்பதற்காக நாம் அதனை ஒப்புக்கொள்வதில்லை, சீட்டைக் கேட்கிறோம். இங்கும் அவ்வாறே கேட்போம்.

2. குவளையின் உள்ளே நடப்பது யாது?

நம்மைச் சுற்றியுள்ள காற்று எப்போதும் நம் உடலை அழுத்திக்கொண்டிருக்கிறது. உடலின் உள்ளிருந்தும் அதே அளவு எதிரழுத்தம் இருப்பதால் நாம் அதனை உணர்வதில்லை. குவளைக்குள் சுடரைக் காட்டி உடனே தோலின் மேல் கவிழ்த்தால், சூடேறி விரிந்த காற்று குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. இக்காலத்தில் சிறு கைப்பம்பினால் காற்றை இழுத்து இதனையே செய்கின்றனர். அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கித் தோலும் அதன் கீழுள்ள தசையும் மேலெழும்புகின்றன.

அப்போது மயிரிழையினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் விரிந்து, அவ்விடத்திற்கு இரத்தம் மிகுதியாக வருகிறது. இது கருவிகளால் அளந்தும் காணப்பட்ட உண்மை. இழுப்பு வலுத்தால் அக்குழாய்களுள் சில உடைந்து இரத்தம் தோலுக்கடியில் கசியும். முதுகில் நாம் கண்ட வட்டங்கள் இக்கன்றல்களே. தறியின் கட்டையில் முழங்கையை இடித்துக்கொண்டால் தோன்றும் கன்றலுக்கும் இதற்கும் தன்மையில் வேறுபாடு இல்லை. சில நாள் முதல் இரண்டு வாரத்திற்குள் அது பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறி மறையும். கசிந்த இரத்தத்தின் செந்நிறப் பொருளை உடல் சிதைத்து அகற்றுவதே அந்நிற மாற்றத்திற்குக் காரணம்.

ஆகவே, “இரத்த ஓட்டம் கூடுகிறது” என்ற கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அதன் எல்லையையும் அறிய வேண்டும். குவளை வைத்த இடத்தில், தோலிலும் அதனை ஒட்டிய பகுதியிலும், சிறிது நேரத்திற்கே ஓட்டம் கூடுகிறது. இருதயத்தின் இரத்தக் குழாயில் உள்ள அடைப்பைக் குவளை நீக்காது. நீரிழிவினால் கெட்டுப்போன காலின் இரத்த ஓட்டத்தையும் அது சீராக்காது.

3. கெட்ட இரத்தம் என்பது உண்டா?

கீறி எடுத்த இரத்தம் கறுத்துக் கட்டியாக இருப்பதைக் காட்டி, “பாரும், இதுதான் கெட்ட இரத்தம்” என்பர். பலர் மயங்குமிடம் இதுவே.

பிராணவாயுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் இரத்தம் எவர் உடலிலும் கருமை கலந்துதான் இருக்கும். வெளியே வந்த இரத்தம் சற்று நேரம் நின்றால் உறைந்து கட்டியாவதும் இயற்கையே. ஆரோக்கியமானவரின் இரத்தமும் குவளைக்குள் அவ்வாறே தோன்றும்.

வளர்ந்த மனிதர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உள்ளது. அது ஓய்வாக இருக்கும்போதும் சுமார் ஒரு நிமிடத்தில் உடலை ஒரு சுற்று வந்துவிடுகிறது. முதுகிலுள்ள இரத்தமும் பாதத்திலுள்ள இரத்தமும் ஓயாமல் கலந்து ஓடுவன. நல்லது ஓரிடத்திலும் கெட்டது வேறிடத்திலுமாகத் தங்கியிருக்க வழியில்லை. சாயத்தொட்டியிலிருந்து ஒரு குவளைச் சாயத்தை மொண்டு கொட்டினால் தொட்டியில் எஞ்சிய சாயம் வெளுத்துவிடுமா? அளவு குறையுமே தவிர நிறம் மாறாது. இரத்தத்திலுள்ள கழிவை இரவும் பகலும் பிரித்தகற்றுபவை ஈரலும் சிறுநீரகங்களும் ஆகும். இரும்புச் சத்து மிதமிஞ்சிச் சேரும் நோய் போன்ற சிலவற்றுக்கு இன்றைய மருத்துவரும் அளவறிந்து இரத்தம் எடுப்பதுண்டு. அது சோதனை செய்து, காரணம் கண்டு செய்யப்படுவது. அதனைப் பொதுவிதியாகக் கொள்ளலாகாது.

4. அழற்சியும் குவளையும்

சிவப்பு, சூடு, வீக்கம், நோவு என்னும் நான்கும் அழற்சியின் அறிகுறிகள். இவற்றை முதல் நூற்றாண்டிலேயே உரோமானியர் செல்சஸ் வகுத்துக் கூறினார். அழற்சி எப்போதும் பகையன்று. விரலில் சிராய் ஏறினால் அங்கே இரத்தத்தைப் பெருக்கி, கிருமியை எதிர்த்து, கிழிந்ததைப் பழுது பார்க்கும் உடலின் வேலையே அது. வேலை முடிந்த பின்னும் அடங்காது நீடிக்கும்போதுதான் அது நோயாகிறது.

குவளை தானும் ஒரு சிறு காயத்தையே உண்டாக்குகிறது. அக்காயத்தை ஆற்ற உடல் எழுப்பும் வினையால் சுற்றுப்புறத்து அழற்சியும் தணியக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். இரத்தச் சோதனைகளில் சில மாறுதல்களைக் கண்டோரும் உண்டு. ஆனால் அச்சோதனைகள் பெரும்பாலும் சிறியவை. முடிவுகளும் ஒன்றோடொன்று இணங்கவில்லை. ஆகவே இது கருத்தளவில் நிற்கிறதேயன்றி உறுதிப்பட்டதன்று. மூட்டுகளை அரிக்கும் வாத நோயுள்ளவர் மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டுக் குவளையை நம்புதல் பெருந்தவறு. மூட்டு ஒருமுறை சிதைந்தால் மீண்டும் பழைய நிலைக்கு வாராது.

5. நோவு குறைவது மெய்யா?

நம் அங்கத்தினருக்கு இரண்டு நாள் இடுப்பு இலேசாக இருந்தது பொய்யன்று. அதற்குக் காரணம் பல இருக்கலாம். 1965 ஆம் ஆண்டு மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர் ஒரு கொள்கையை வெளியிட்டனர். தொடுதல், அழுத்தம் ஆகிய உணர்ச்சிகள் முதுகுத் தண்டில் நோவின் செய்தி செல்லும் வாயிலைச் சற்றே சாத்திவிடுகின்றன என்பது அதன் சாரம். இடித்துக்கொண்ட இடத்தை நாம் தேய்த்துவிட்டுக்கொள்வது இதனாலேயே பயன் தருகிறது. குவளையின் இழுப்பும் அவ்வாறு செயற்படலாம். அன்றியும், குவளை வைக்கும்போது அரைமணி நேரம் தறியை விட்டுப் படுத்திருக்கிறோமே, அந்த ஓய்வுக்கும் பங்கு உண்டு. நோவு உச்சத்தில் இருக்கும்போதே நாம் வைத்தியரைத் தேடுகிறோம். உச்சத்தைத் தொட்ட நோவு பல சமயம் தானே இறங்குவதும் உண்டு.

இவற்றுள் குவளைக்கு உரிய வரவு எவ்வளவு என்று எப்படிப் பிரித்தறிவது? எண்ணிப் பார்ப்பதே வழி. இதனைப் பாரிஸ் நகரத்து மருத்துவர் பியர் லூயி 1835 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் செய்து காட்டினார். அந்நாளில் நுரையீரல் காய்ச்சலுக்கு இரத்தம் எடுப்பதே தலையாய வைத்தியம். அவர் அந்நோயாளிகள் 77 பேரின் கணக்கைப் பிரித்தார். நோயின் முதல் நான்கு நாட்களுக்குள் இரத்தம் எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 44 பேர் இறந்திருந்தனர். அதற்குப் பின்னர் எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 25 பேரே இறந்திருந்தனர். விரைந்து இரத்தம் எடுத்தால் உயிர் பிழைக்கலாம் என்ற நம்பிக்கைக்கு ஏடு சாட்சி சொல்லவில்லை. நெடுங்கால வழக்கம் ஒன்றைப் பேரேடு போட்டுச் சோதித்த அம்முயற்சி மருத்துவ வரலாற்றில் பெரிதும் மதிக்கப்படுகிறது.

குவளையையும் இவ்வாறு சோதித்துள்ளனர். உடல் முழுதும் தசைநோவு பரவி நிற்கும் ஒரு நோயுள்ள 141 பேரை மூன்று பிரிவாக்கி ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் நடத்திய சோதனை 2016 ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு மெய்யான குவளை வைக்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்குச் சிறு துளையிட்ட, இழுப்பு நில்லாத போலிக் குவளை வைக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினர் வழக்கமான வைத்தியத்தையே தொடர்ந்தனர். மெய்க்குவளை பெற்றோருக்கு மூன்றாம் பிரிவினரைவிட நோவு குறைந்தது. ஆனால் போலிக் குவளை பெற்றோரோடு ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இடுப்பு, கழுத்து நோவுகளுக்குச் சிறிது காலம் ஆறுதல் தரலாம் என்று கூறும் ஆராய்ச்சிகளும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் பேரேட்டில் எழுதக்கூடியது இதுவே: தசைநோவுக்குத் தற்காலிக ஆறுதல், வரவு; நோயின் மூலத்தை நீக்கும் என்பது, சீட்டில்லாத தொகை.

6. யாருக்கு ஆகாது?

சுகாதார நிலையத்தில் சோதித்தபோது அந்த அம்மையாரின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம் அளவே இருந்தது. கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்த சோகை எனப்படும். நம் நாட்டு இரத்த வங்கிகளில் 12.5 கிராமுக்குக் குறைந்தவரிடம் தானமாகக் கூட இரத்தம் வாங்குவதில்லை. முறையறிந்தோர் தானமாக வாங்கவும் மறுக்கும் இரத்தத்தை, சோதனை ஏதுமின்றி வழிப்போக்கர் ஒருவர் கீறி எடுத்துச் சென்றிருக்கிறார். அதற்குக் கூலியும் பெற்றிருக்கிறார். 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்த சோகை உள்ளவர்கள். நம் வீடுகளில் தார் சுற்றும் பெண்டிரும் நாற்று நடும் பெண்டிரும் இக்கணக்கில் அடங்குவரே.

ஆகவே கீழ்க்கண்டோர் தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் முறைக்கு உடன்படலாகாது:

இரத்த சோகை உள்ளவர், கருவுற்றவர், இரத்தம் உறையாத நோயுள்ளவர், இருதய நோய் முதலியவற்றுக்காக இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர், நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர், குவளை வைக்குமிடத்தில் புண், சிரங்கு, புடைத்த நரம்பு உள்ளவர்.

கீறும் கத்தி புதியதாக, ஒருவருக்கே உரியதாக இருத்தல் வேண்டும். ஒருவருக்கு வைத்த கத்தியை மற்றொருவருக்கு வைத்தால் மஞ்சட்காமாலையை உண்டாக்கும் பி, சி வகைக் கிருமிகளும் எச்.ஐ.வி. கிருமியும் பரவக்கூடும். சுடர் காட்டிக் குவளை வைப்பதில் தீப்புண் படுவதும் உண்டு.

இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு, அது காலந்தாழ்த்தல். நெஞ்சை அழுத்தி இடத்தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலியை வாய்வுப் பிடிப்பு என்று எண்ணிக் குவளைக்காரரைத் தேடுவோர் உயிரையே இழக்க நேரிடும். உடனே 108 வண்டியை அழையுங்கள். இடுப்பு நோவோடு கால் மரத்தல், கால் வலுவிழத்தல், சிறுநீர் தன்வசமின்றிப் போதல், காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுள் எது காணினும் மருத்துவமனையே நாட வேண்டிய இடம்.

இம்முறையை விரும்புவோர் முறையாகக் கற்றோரிடமே செல்லுதல் வேண்டும். சென்னை அரும்பாக்கத்தில் 1979 ஆம் ஆண்டு தொடங்கிய அரசினர் யூனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்ட மருத்துவரிடம் பதிவெண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டா. நாம் நூல் வாங்கும்போது சிட்டத்தின் எடையைச் சரிபார்க்கிறோமே, உடம்பை ஒப்படைக்கும்போது மட்டும் ஏன் வாளா இருக்க வேண்டும்?

7. நோவின் மூலம் எங்கே?

குழித்தறியில் அமர்வோர் கால்களைக் குழியில் இறக்கி, மிதிகட்டைகளை மாறி மாறி மிதித்து, முதுகை முன்னே வளைத்து, கண்ணைப் பாவில் நாட்டியவாறே நாள் முழுதும் இருக்கின்றனர். நாற்று நடுவோர் இடுப்பை மடித்துச் சேற்றில் நிற்கின்றனர். ஒரே நிலையில் நெடுநேரம் இறுகி நிற்கும் தசையில் இரத்த ஓட்டம் குறைகிறது. தசை களைத்து நோகிறது. குவளை சிறிது நேரம் தரும் இரத்த ஓட்டத்தைச் செலவில்லாமல் தரும் வழி, எழுந்து நடப்பதே.

மணிக்கு ஒருமுறை தறியிலிருந்து எழுந்து ஐந்து நிமிடம் நடவுங்கள். கைகளை இடுப்பில் ஊன்றி முதுகைப் பின்னே மெல்ல வளையுங்கள். உட்காரும் பலகை தாழ்ந்திருந்தால் அதனை உயர்த்துங்கள். முழங்கை தோளுக்கு மேல் எழாதவாறு அமையுங்கள். பாவின் மேல் போதிய வெளிச்சம் விழட்டும். மங்கலான ஒளியே கழுத்தை முன்னே இழுக்கிறது. வெந்நீர் ஒற்றடமும் பயன் தரும். நீரிழிவினால் உணர்ச்சி குன்றிய இடத்தில் மட்டும் சூடு வைக்க வேண்டா. வயலில் வேலை செய்வோர் வரிசைக்கு ஒருமுறை நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கிக்கொள்வது நலம்.

இதில் சங்கத்திற்கும் கடமை உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை சுகாதார நிலையத்தாரைச் சங்கத்திற்கு அழைத்து, அங்கத்தினருக்கும் அவர்தம் குடும்பத்துப் பெண்டிருக்கும் இரத்தம், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகிய மூன்றையும் சோதிக்க ஏற்பாடு செய்யலாம். இதற்குத் தீர்மானம் ஒன்றும் ஒரு முற்பகல் பொழுதும் போதும்.

அந்த விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவர் தாமே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அம்மையார் இரும்புச் சத்து மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டு வருகிறார். ஐப்பசியில் நாம் சென்றபோது மீண்டும் தார் சுற்றிக்கொண்டிருந்தார். பெரியவர் பலகையை இரண்டங்குலம் உயர்த்தியிருந்தார். “நோவு போய்விட்டதா?” என்று கேட்டோம். “முழுதும் போகவில்லை ஐயா, சமாளிக்கிறேன்” என்றார். முழுதும் போக்குவோம் என்று எவர் சொன்னாலும் சீட்டைக் கேட்க வேண்டும் என்பதை அவர் அறிந்துகொண்டார். சேமிப்பும் சங்கத்திலேயே இருந்தது.

படிப்பு வட்டங்களில் ஆராய்வதற்கான வினாக்கள்

1. குவளை வைத்த இடத்தில் வட்டக் கன்றல் தோன்றுவது எதனால்?

2. “கெட்ட இரத்தம்” என்று காட்டப்படும் இரத்தம் கறுத்திருப்பதற்குக் காரணம் யாது?

3. போலிக் குவளை வைத்துச் சோதித்ததன் நோக்கம் என்ன? அதனால் அறியப்பட்டது யாது?

4. யார் யார் இரத்தம் எடுக்கும் முறைக்கு உடன்படலாகாது?

5. நும் சங்கத்தில் அங்கத்தினர் குடும்பத்துப் பெண்டிருக்கு இரத்தச் சோதனை கடைசியாக எப்போது நடந்தது? நடக்கவில்லையெனின், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனைப் பொருளாக வைப்பவர் யார்?